பார்க்கப் போன பெண்கள்

பெண்கள் மேடை ஏறிய கதையை நாம் ஓரளவுக்கு எழுதிவிட்டோம். பாலாமணி அம்மாள் கும்பகோணத்தில் பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்தியது, டி. பி. ராஜலட்சுமி நாடகத்திலிருந்து 1931இல் பேசும்படத்துக்கு வந்தது, எம். எஸ். சுப்புலட்சுமி 1968இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் பெண்ணானது எல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. அந்த மேடைகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்களைப் பற்றித்தான் அதிகம் கிடைப்பதில்லை. வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்? காசு யார் கொடுத்தது? எந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள்? ஆட்டம் முடிந்து இருட்டில் எப்படி வீடு திரும்பினார்கள்?

2024 ஜூன் கடைசிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இந்தக் கேள்விகளோடுதான் எனக்குக் கழிந்தன. சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பெண்கள் டெஸ்ட் மேட்ச். அதே சனிக்கிழமை இரவு காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து. இரண்டையும் விட மனமில்லை. வெள்ளிக்கிழமையே மாவரைத்து, இரண்டு நாளைக்குக் குழம்பு வைத்து, மாமியாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துச் சீட்டு ஒட்டி வைத்தேன். என் கணவரும் அதே வாரம் நண்பர்களோடு ஒரு மேட்ச் பார்க்கப் போனவர்தான். அவர் எடுத்துக்கொண்டு போனது ஒரு தொப்பி. பெண் பார்வையாளரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வாசல் கதவிலிருந்து தொடங்கக் கூடாது, அடுப்படியிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழைய இலக்கியத்தில் பார்க்கிற பெண்களுக்குக் குறைவில்லை. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவும் களத்தைச் சுற்றி ஆயர் மகளிர் இருக்கிறார்கள். வெறுமனே பார்த்துக்கொண்டும் இல்லை. எந்தக் காளை எப்படிப்பட்டது, எவன் துணிந்தவன், எவன் அஞ்சியவன் என்று பேசுகிறார்கள், தீர்ப்பும் சொல்கிறார்கள். கொம்புக்குப் பயந்தவனை ஆயமகள் ஏற்கமாட்டாள் என்பது அந்தத் தீர்ப்புகளில் ஒன்று. படிக்கும்போது எனக்கு உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் காளையை அடக்கியவனுக்குக் கிடைக்கப் போகிறவள் யார் என்று பார்த்தால், அங்கே தீர்ப்புச் சொல்கிற பெண்ணேதான். பார்க்க வந்தவளே பரிசாகவும் இருக்கிறாள்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இன்னொரு விதம். மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரைகள். விளக்கு எங்கே நிற்க வேண்டும், தூணின் நிழல் எங்கே விழக் கூடாது என்பது வரைக்கும் இளங்கோ சொல்கிறார். அரசன் பார்த்தான், தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மாலையும் கிடைத்தன, அந்த மாலையைக் கோவலன் வாங்கினான். புகார் நகரத்துக் குடும்பப் பெண்கள் அன்று அங்கே இருந்தார்களா, இருந்தால் எந்தப் பக்கம் என்று காதை சொல்வதில்லை. கண்ணகி அந்த இரவில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றும் சொல்வதில்லை. ஒரு பெண் ஆடுவதற்கும் இன்னொரு பெண் வீட்டில் இருப்பதற்கும் இடையிலான இந்த ஏற்பாடு நம் ஊரில் நெடுங்காலம் நீடித்தது. ஆடுகிறவளும் பார்க்க வருகிறவளும் ஒரே குடும்பத்திலிருந்து வரலாம் என்கிற நிலை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அதுவும் சும்மா வரவில்லை.

சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. 1931இல் அங்கே கல்யாணி குமாரிகள் என்ற சகோதரிகளின் நடனம் நடந்தது. அடுத்த ஆண்டே சதிர் ஆட்டம் நடக்கலாமா கூடாதா என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் இ. கிருஷ்ண ஐயருக்கும் பத்திரிகைகளில் பெரிய விவாதம். 1935 கடைசியில் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா வந்தது. 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம். இந்தத் தேதிகளை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் எல்லாரும் கேட்பது, யார் சரி, யார் தவறு என்று. நான் அவர்களைப் பார்வையாளர் வரிசைக்குத் திருப்பப் பார்ப்பேன். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடியவர்களில் அந்தச் சமூகத்திலேயே பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் உண்டு; சட்டத்தை எதிர்த்தவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாளும் உண்டு. இருவருக்கும் காரணம் இருந்தது. ஆனால் ஆட்டம் சபாவுக்குள் வந்து, ஆடுகிறவள் ‘நல்ல குடும்பத்துப் பெண்’ என்று ஆனபிறகுதான், நடுத்தர வகுப்புப் பெண்கள் கணவனோடும் மாமியாரோடும் தயக்கமின்றி வந்து உட்கார்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களின் மகள்களில் பலருக்கு அதே காலத்தில் மேடை போயிற்று. ஒருத்திக்கு நாற்காலி கிடைத்த கணக்கில் இன்னொருத்தியின் மேடையும் சேர்ந்திருக்கிறது. டிசம்பர் சீசனில் சபா கேன்டீனில் நின்று காபி குடிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

நாகரத்தினம்மாளை இப்படி ஒரு வரியில் விட்டுவிடக் கூடாது. திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொந்தக் காசில் கோயில் எழுப்பியவர் அவர். அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதியில்லை. கட்டியவளே கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். 1927இல் அவர் ‘பெண்கள் கட்சி’ என்று தனியாக ஓர் ஆராதனையே தொடங்கினார். 1940ஐ ஒட்டித்தான் கட்சிகள் ஒன்றாயின.

நாடகத்திலும் சினிமாவிலும் இவ்வளவு நாசூக்கு இல்லை. ‘ஸ்திரீகளுக்குத் தனி இடம் உண்டு’ என்று நோட்டீசிலேயே போட்டுவிடுவார்கள். டூரிங் டாக்கீஸில் மணல் தரையின் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்களும் குழந்தைகளும். என் அம்மா அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படம் பார்த்து வளர்ந்தவர். தனி இடம் என்பதை நாம் இப்போது ஒதுக்கல் என்று படிக்கிறோம். அம்மா அப்படிச் சொல்வதில்லை. “அந்தச் சுவர் இல்லேன்னா எங்கப்பா என்னை அனுப்பியே இருக்கமாட்டார்” என்பார். மணலைக் குவித்து உயரமாக்கி உட்காரலாம், முந்தானையை விரித்துப் பிள்ளையைப் படுக்கவைக்கலாம், அழலாம், சத்தமாகச் சிரிக்கலாம், வில்லனைத் திட்டலாம். அந்தப் பக்கத்து ஆண்களுக்குக் கேட்டால்தான் என்ன, முகம் தெரியாது. அம்மா சொல்வதை நான் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ‘தனி இடம்’ என்ற இரண்டு சொல்லைப் பார்த்தவுடன் முடிவுக்கு வந்துவிடுகிற கட்டுரைகளும் எனக்கு உவப்பில்லை.

சுவர் போதாது, வாசலிலேயே நிறுத்துகிறோம் என்ற நாடும் உண்டு. 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானில் ஆண்களின் கால்பந்தாட்டத்தைப் பெண்கள் மைதானத்துக்குள் போய்ப் பார்க்கத் தடை வந்து, பல பத்தாண்டுகள் நீடித்தது. ஜாபர் பனாஹியின் ‘ஆப்சைடு’ படத்தில் பையன்கள் மாதிரி வேஷம் போட்டு வந்து பிடிபட்ட பெண்களை மைதானத்தின் வெளிப்புறம் ஒரு தடுப்புக்குள் நிறுத்தியிருப்பார்கள்; உள்ளே எழும் கூச்சலை வைத்தே ஆட்டத்தை ஊகிப்பார்கள். சஹர் கோதாயாரி என்ற பெண் 2019இல் அப்படி ஆண் உடையில் போய்ப் பிடிபட்டார். வழக்கு நடந்தபோது நீதிமன்றத்துக்கு வெளியே தீக்குளித்து, செப்டம்பரில் இறந்துபோனார். அவர் நேசித்த அணியின் நிறம் நீலம் என்பதால் ‘நீலப் பெண்’ என்றார்கள். அடுத்த மாதம், அக்டோபர் 10ஆம் தேதி, தெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் சுமார் 3,500 பெண்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள். ஈரான் கம்போடியாவை 14க்கு 0 என்று தோற்கடித்தது. ஆசாதி என்றால் விடுதலை என்று பொருள்.

சேப்பாக்கத்தில் என்னை யாரும் தடுக்கவில்லை. பையைத் திறந்து பார்த்தார்கள், தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள், உள்ளே விட்டார்கள். முதல் நாள் ஆட்டத்திலேயே ஷபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தானா 149, இருவரும் முதல் விக்கெட்டுக்கு 292. நான் போன சனிக்கிழமை காலையில் ரிச்சா கோஷ் 86 எடுத்தார். 6 விக்கெட்டுக்கு 603 என்ற நிலையில் ஹர்மன்பிரீத் டிக்ளேர் செய்தார். பெண்கள் டெஸ்டில் 600ஐத் தாண்டிய முதல் அணி இதுதான். என்னைச் சுற்றிப் பாதிக்கு மேல் காலி நாற்காலிகள்.

காலி நாற்காலியைப் பார்த்து ‘பெண்கள் கிரிக்கெட்டை யார் பார்க்கிறார்கள்’ என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் 1973இல் உருவானது. அந்த ஆண்டு புனேயில் நடந்த முதல் தேசியப் போட்டிக்கு வந்தவை மூன்றே அணிகள். 1976இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது சாந்தா ரங்கசாமியின் தலைமையில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் ஆடியது. பாட்னாவில் முதல் வெற்றி. அங்கே அன்று மைதானம் நிறைந்த கூட்டம். ரிசர்வேஷன் இல்லாத ரயில் பெட்டியில் போய், பள்ளிக்கூட அறைகளில் தரையில் படுத்து எழுந்து ஆடிய பெண்களைப் பார்க்கத்தான் அவ்வளவு பேர் வந்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சுதா ஷா அந்தத் தொடரில் ஆடினார். 2006இல்தான் சங்கம் கிரிக்கெட் வாரியத்தோடு இணைந்தது. கூட்டம் தானாக வற்றுவதில்லை. மேட்ச் வைக்காமல், வைத்தாலும் ஒளிபரப்பாமல், ஒளிபரப்பினாலும் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டு அதை வற்றவைக்கலாம். ஆண்களுக்கு டெஸ்ட் ஐந்து நாள், பெண்களுக்குப் பெரும்பாலும் நான்கு. அதுவும் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் வில்லிவாக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும் பதினொரு வயது மகளும். மகள் கோச்சிங் போகிறாள், ஆஃப் ஸ்பின் போடுகிறாள். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு ஒவ்வொரு பந்தாக எழுதிக்கொண்டிருந்தாள். பாத்ரூம் வரிசையில் நின்றபோது அந்த அம்மா சொன்னார்: “அவங்கப்பாதான் கிரிக்கெட் பைத்தியம். இந்த மேட்சுக்கு வாங்கன்னா, சாயங்காலம் ஃபைனல் இருக்கு, நான் ரெஸ்ட் எடுக்கணும்கறாரு. டிவி பாக்கறதுக்கு ரெஸ்டு!”

அந்த ஃபைனல் ஆண்களின் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பார்படாஸில், நம் நேரம் இரவு எட்டு மணிக்கு. அதிலும் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும்தான். ஒரே நாளில் அதே இரண்டு நாடுகளின் பெண்கள் சேப்பாக்கத்திலும் ஆண்கள் பிரிட்ஜ்டவுனிலும் ஆடினார்கள். எந்த ஆட்டத்துக்குத் தெருமுனையில் பெரிய திரை கட்டினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டம் முடியும்வரை இருக்கவில்லை. தேநீர் இடைவேளையில் கிளம்பி, பறக்கும் ரயில், பிறகு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ என்று மாறிக் கிராமத்துக்குப் போய்ச் சேர மணி எட்டரை. கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் டிக்கெட்தான்.

அன்றைக்குப் ‘பகடை துகில்’. வட மாவட்டங்களில் கூத்து என்றால் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டிய ஆண்கள்தான், திரௌபதியும் ஆண்தான். சில ஆண்டுகளாகப் பெண்கள் முறையாகக் கற்றுக்கொண்டு ஆட வந்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் இதற்கு முக்கியமான காரணம். அங்கே பெண்பிள்ளைகளும் கட்டை கட்டிக் கற்றார்கள். நான் பார்த்த குழுவில் ஆண்களும் பெண்களும் கலந்திருந்தார்கள். திரௌபதியாக வந்தவள் ஒரு பெண். துச்சாதனனும் ஒரு பெண்தான்.

பத்து மணிக்கு மேல் முகவீணை எழுந்தது. கட்டியக்காரன் வந்து கேலி பேசிக்கொண்டிருந்தான். கூட்டத்தின் பின்வரிசையில் பையன்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு செல்போனைச் சுற்றி நின்றார்கள். பதினொன்றரை வாக்கில் அங்கிருந்து ஒரே கத்தல். இந்தியா ஏழு ரன்னில் ஜெயித்துவிட்டது. தெருவில் வெடி. கட்டியக்காரன் ஒரு கணம் நின்று, “என்னாப்பா அது? எங்க ராசா இன்னும் தாயமே உருட்டல, அதுக்குள்ள கை தட்டுறீங்க!” என்றான். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பையன்களில் பாதிப் பேர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் யாரும் நகரவில்லை. பாய் விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, விடியும்வரை இருக்கத் தயாராக வந்தவர்கள்.

என் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஓர் ஆயா. வெற்றிலைப் பையைத் திறந்தபடியே பேசினார். “நாங்கல்லாம் இங்க குந்த முடியாதும்மா அப்ப. எங்க ஆளுங்க அந்தப் புளியமரத்தாண்ட நிப்போம். ஆம்பளைங்க கொஞ்சம் கிட்டக்க, பொம்பளைங்க அதுக்கும் பின்னால. வேஷம் கலர்தான் தெரியும், மூஞ்சி தெரியாது. பாட்டு மட்டும் நல்லா கேக்கும்.” அந்த மரம் இப்போதும் அங்கேயே இருக்கிறது. ஏறக்குறைய நூறு அடி. டூரிங் டாக்கீஸ் சுவரைப் பற்றி என் அம்மா பெருமையாகப் பேசும்போது, அந்தச் சுவருக்கு வெளியிலேயே நின்றவர்களின் கணக்கு அதில் வருவதில்லை. பெண்களின் இடம் என்று பொதுவாக எழுதும்போது எந்தப் பெண்களின் இடம் என்று கேட்டாக வேண்டும். ஆயாவிடம், “இங்க வந்து உக்காந்தது எப்ப ஆயா?” என்றேன். “எம்மவன் பொண்ணு இஸ்துகினு வந்து குந்த வெச்சா. பத்து வருசம் இருக்கும். யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லட்டும்னுதான் நானும் பாத்தேன்” என்றார்.

துகிலுரியும் கட்டம் வர விடியற்காலை மூன்றரை ஆயிற்று. சூதாடிய மண்டபத்துக்கு மகாபாரதம் சொல்கிற பெயர் சபை. நாம் கச்சேரி கேட்கப் போகிற சபாவும் அதே சொல்தான். பெரியவர்கள், குருமார்கள், தம்பிமார்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற அவைக்குள் ஒருத்தியை இழுத்துவருகிறார்கள். தன்னைத் தோற்றவன் என்னை எப்படிப் பணயம் வைக்கலாம் என்று அவள் கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கே பார்வையாளர்களாகவே உட்கார்ந்துவிட்டார்கள். ஆண் திரௌபதிகளைப் பல முறை பார்த்திருக்கிறேன், சிலர் அபாரமானவர்கள். ஆனால் அன்று பெண் கேட்டாள். சடையைப் பிடித்திருந்த கையும் பெண்ணின் கை. அந்தத் துச்சாதனன் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தபோது ஆயா எழுந்தே நின்றுவிட்டார். “வுடுறா அவள! குந்திகினு பாக்கறானுங்க பாரு, அந்தக் கெழவனுங்கள கேளு மொதல்ல!” பீஷ்மருக்கும் துரோணருக்கும் விழுந்த அந்தத் திட்டை நான் எந்த உரையிலும் படித்ததில்லை.

முதல் பஸ்ஸில் ஏறி, கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கியபடி சென்னை வந்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்து, ஒட்டிய சீட்டுகளையெல்லாம் சரிபார்த்துவிட்டு மறுபடி சேப்பாக்கம் போகும்போது மதியம் தாண்டிவிட்டது. காலையில் தென்னாப்பிரிக்கா 266க்குச் சுருண்டு, ஃபாலோ ஆன் வாங்கியிருந்தது. ஸ்னே ராணா 77 ரன் கொடுத்து எட்டு விக்கெட். வழியில் கடைகளில் தொங்கிய பேப்பர்களில் முழுப் பக்கத்துக்கும் பார்படாஸ். ராணாவின் விக்கெட்டுகளை நான் பார்க்கவில்லை. பார்த்தது எதிரணிப் பெண்கள் இருவரை. லாரா வோல்வார்ட்டும் சுனே லூஸும் வெயிலில் மணிக்கணக்காக நின்று 190 ரன் சேர்த்தார்கள். லூஸ் சதம் அடித்தபோது நம் ஆட்களும் கை தட்டினார்கள். சேப்பாக்கத்தின் அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்தது.

வில்லிவாக்கத்து அம்மா அதே இடத்தில் இருந்தார். மகள் நோட்டைக் காட்டினாள். ராணாவின் எட்டு விக்கெட்டையும் பச்சை ஸ்கெட்சில் வட்டமிட்டிருந்தாள். எல்பிடபிள்யூ எது, கேட்ச் எது என்று பக்கத்தில் குறித்திருந்தாள். “அந்தக்கா பந்து போடறதுக்கு முன்னாடி விரலத் துடைக்கறாங்க, பாத்தீங்களா ஆன்ட்டி? டிவில அது காட்ட மாட்டாங்க” என்றாள். நாளைக்கு வருவீர்களா என்று அம்மா கேட்டார். திங்கட்கிழமை, காலேஜ் இருக்கிறது என்றேன். அவருக்கும் வேலை. “இவள மட்டும் கோச் மேடம் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஸ்கூலுக்குக் காய்ச்சல்னு லீவ் லெட்டர் எழுதணும்” என்றார்.

திங்கட்கிழமை தென்னாப்பிரிக்கா 373 எடுத்தது. வோல்வார்ட் 122. இந்தியா விக்கெட் இழக்காமல் 37 எடுத்து ஜெயித்தது. பிற்பகல் வகுப்பு முடிந்து வெளியே வந்து போனில்தான் பார்த்தேன். நோட்டில் இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் இருந்தது என்று அந்தப் பெண்ணிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.